கொடைக்கானல் குளிரில் ஓவர்கிளாக் செய்தால் ஒன்றும் ஆகாதா? கேமிங் லேப்டாப்பும் வாரண்டி சிக்கலும்: முழு விளக்கம்

"இங்க அடிக்கிற குளிருக்கு லேப்டாப் எங்க சூடாகப் போகுது? தைரியமா ஓவர்கிளாக் பண்ணு!"

வத்தலக்குண்டு மலைச்சாலையும் பழநி மலைச்சாலையும் சந்திக்கும் பெருமாள்மலையிலோ, அதற்கு மேலே கொடைக்கானலிலோ இருக்கும் ஒருவருக்கு இப்படித் தோன்றுவது இயல்புதான். மதுரையில் ஃபேன் போட்டு, கூலிங் பேட் வைத்து, அதற்குப் பிறகும் கை வைக்க முடியாமல் கொதிக்கும் அதே லேப்டாப், மலையில் ஜில்லென்று ஓடுகிறதே!

ஆனால், குளிர் உங்கள் லேப்டாப்பைக் காப்பாற்றினாலும் உங்கள் வாரண்டியைக் காப்பாற்றாது. ஒரு லட்சம் ரூபாய், அதற்கும் மேல் கொடுத்து வாங்கிய பொருள் ஒரு நாள் ஆன் ஆகாமல் போனால், சர்வீஸ் சென்டரில் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று, "ஏதாவது செட்டிங்ஸ் மாத்தினீங்களா?" என்பதாக இருக்கலாம். அதற்கு என்ன பதில் சொல்கிறோம், அந்தப் பதிலை வைத்து நிறுவனம் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? இதுதான் இங்கே விஷயம்.

ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன?

ஒவ்வொரு பிராசஸருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் ஒரு வேகத்தை நிர்ணயித்துத்தான் நிறுவனங்கள் விற்கின்றன. அந்த வேகத்தைத் தாண்டி ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக்கிங். வண்டியில் கம்பெனி வைத்த ஸ்பீடு லாக்கை எடுத்துவிட்டு ஓட்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

வேகத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றினால் பெரிய பிரச்னை இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் சிப் தடுமாறும், கேம் பாதியில் நிற்கும், நீலத் திரை வரும். அதைச் சரிசெய்ய மின்னழுத்தத்தையும், அதாவது வோல்டேஜையும், ஏற்ற வேண்டி வரும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிப் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பவும் கூடும். வேகத்தை 10 சதவிகிதம், வோல்டேஜை 10 சதவிகிதம் ஏற்றினால், மின்சாரமும் சூடும் 10 சதவிகிதம் கூடாது. 1.1-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 1.33 வரும். அதாவது, சுமார் 33 சதவிகிதம் கூடுகிறது.

இதில் கிடைக்கும் லாபம்? 60 எஃப்.பி.எஸ்ஸில் ஓடும் கேம், எல்லாம் சரியாக அமைந்தால் 66-க்குப் போகலாம். பல கேம்களில் அதுவும் கிடைக்காது. 10 சதவிகித வேகத்துக்கு 33 சதவிகிதச் சூடு என்பதுதான் கணக்கு.

டெஸ்க்டாப்பில் செய்கிறார்களே, லேப்டாப்பில் என்ன பிரச்னை?

டெஸ்க்டாப்பில் பிராசஸருக்குத் தனி கூலர், கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி ஃபேன், தாராளமான காற்றோட்டம் இருக்கும். ஒரு பாகம் போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

லேப்டாப்பில் கதையே வேறு. பல மாடல்களில் பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே வெப்பக் குழாய்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று சூடானால் மற்றதும் சூடாகும். பக்கத்திலேயே பேட்டரி இருக்கிறது. அடாப்டர் கொடுக்கும் வாட்ஸுக்கும் ஒரு வரம்பு உண்டு. இரண்டு சிப்களும் போர்டிலேயே ஒட்டப்பட்டிருப்பதால், ஒன்று எரிந்தாலும் பெரும்பாலும் மதர்போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் வாரண்டி இல்லாத மதர்போர்டு பில்லைப் பார்த்ததும் பலருக்குத் தலை சுற்றுகிறது.

எல்லா லேப்டாப்பையும் ஓவர்கிளாக் செய்யவும் முடியாது. இன்டெல்லில் ஹெச்.எக்ஸ் என்று முடியும் உயர்ரக லேப்டாப் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றில்தான் அந்தப் பூட்டு திறந்திருக்கும். மற்ற பலவற்றில் பிராசஸர் வேகத்தை ஏற்றவே வழி இருக்காது. கிராபிக்ஸ் சிப்பில் மட்டும் ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள் வழியாக ஏற்றிக்கொள்ளலாம்.

மலையில் குளிர் கைகொடுக்குமா?

கொடுக்கும். ஆனால், நினைப்பது அளவுக்கு இல்லை.

சிப் 95 டிகிரியில் ஓடுகிறது என்று வைப்போம். 35 டிகிரி அறையில் சிப்புக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 60 டிகிரி. 15 டிகிரி அறையில் அது 80 டிகிரி. வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாகச் சூடு வெளியேறும். அந்த வகையில் மலைக்கு மூன்றில் ஒரு பங்கு லாபம்.

ஆனால், கொடைக்கானல் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட 20 சதவிகிதத்துக்கும் மேல் குறைவு. சூட்டை வெளியே கொண்டுபோவது காற்றுதான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும், 35 டிகிரி மதுரையோடு ஒப்பிட்டால் 15 டிகிரி கொடைக்கானலில் அது தள்ளும் காற்றின் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதாவது, குளிர் கொடுத்த லாபத்தில் ஒரு பகுதியை உயரம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பெருமாள்மலை இதைவிடக் கொஞ்சம் கீழே இருப்பதால், அங்கே குளிரும் கொஞ்சம் குறைவு, காற்றின் இழப்பும் கொஞ்சம் குறைவு.

அடுத்தது ஈரம். லேப்டாப்போடு வரும் விவரக் குறிப்பைப் பாருங்கள். இயங்கும் வெப்பநிலை, ஈரப்பதம், உயரம் என்று மூன்று வரம்புகள் இருக்கும். பல மாடல்களில் உயர வரம்பு 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி. எனவே, கொடைக்கானல் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால், ஈரப்பதத்துக்கு எதிரே "நீர்த்துளி படியாத நிலையில்" என்ற பொருளில் ஒரு நிபந்தனை இருக்கும். ராத்திரி முழுக்க ஜில்லென்று கிடந்த லேப்டாப்பைக் கதகதப்பான, ஆவி நிறைந்த அறைக்குக் கொண்டுவந்தால், குளிர்ந்த கண்ணாடி டம்ளர் வியர்ப்பது போல அதன் உள்ளேயும் ஈரம் படியலாம். உடனே ஆன் செய்யாமல் அரை மணி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவைப்பது நல்லது. ஈரத்தால் வரும் சேதத்துக்கு வாரண்டி பொதுவாகக் கிடையாது.

மூன்றாவதுதான் முக்கியம். அதிக வோல்டேஜ் சூட்டால் மட்டும் சிப்பைக் கெடுப்பதில்லை. சிப்பினுள் இருக்கும் நுண்ணிய உலோக இணைப்புகளையும் டிரான்சிஸ்டர்களின் மெல்லிய காப்புப் படலத்தையும் அது மெல்ல மெல்லத் தேய்க்கும். குளிர்ச்சி இந்தத் தேய்மானத்தைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்தாது. இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஒன்றுமே ஆகவில்லை என்று அர்த்தம் இல்லை.

வாரண்டியில் நிறுவனங்கள் என்ன சொல்கின்றன?

லேப்டாப் வாரண்டிகளில் பொதுவாக இருக்கும் விலக்குகள் இவை: தவறான பயன்பாடு, அனுமதி இல்லாத மாற்றங்கள், விவரக் குறிப்பில் சொன்ன வரம்புகளைத் தாண்டிய இயக்கம், திரவச் சேதம், மின் ஏற்ற இறக்கத்தால் வரும் சேதம். ஓவர்கிளாக்கிங் என்ற சொல்லே இல்லாவிட்டாலும், "வரம்பைத் தாண்டிய இயக்கம்" என்பதில் அதைச் சேர்த்துவிட முடியும்.

சிப் நிறுவனங்கள் இன்னும் வெளிப்படையாகவே சொல்கின்றன. வேகத்தையோ வோல்டேஜையோ மாற்றினால் வாரண்டி செல்லாமல் போகலாம் என்பது இன்டெல்லின் எச்சரிக்கை. ஏ.எம்.டி இன்னும் ஒரு படி மேலே போய், தன்னுடைய சொந்த மென்பொருள் மூலமே ஓவர்கிளாக் செய்திருந்தாலும், அதனால் வரும் சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது என்கிறது.

ஒரு காலத்தில் இன்டெல்லிடம் இதற்கென்றே தனிப் பாதுகாப்புத் திட்டம் இருந்தது. கூடுதலாகக் கொஞ்சம் பணம் கட்டினால், ஓவர்கிளாக் செய்து டெஸ்க்டாப் பிராசஸர் போனாலும் ஒரு முறை மாற்றித் தருவார்கள். அந்தத் திட்டத்தை 2021-ல் இன்டெல் நிறுத்திவிட்டது.

கம்பெனியே பட்டன் கொடுத்திருக்கிறதே?

நியாயமான கேள்வி. கேமிங் லேப்டாப் விளம்பரத்தைப் பாருங்கள். "டர்போ", "எக்ஸ்ட்ரீம்", "மேனுவல்" என்று மோடுகள். லேப்டாப்போடு வரும் நிறுவனத்தின் சொந்த ஆப்பிலேயே கிராபிக்ஸ் வேகத்தை ஏற்றும் வசதி. விற்கும்போது "பாருங்க, ஓவர்கிளாக்கிங் வசதி இருக்கு" என்பார்கள். கெட்டுப்போன பிறகு, "ஓவர்கிளாக் பண்ணியிருக்கீங்களே" என்றால் எப்படி?

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறுவனமே வகுத்து வைத்த டர்போ மோடு என்பது லேப்டாப்பின் வடிவமைப்பில் அடங்கியது. அதைப் பயன்படுத்தியதற்காக வாரண்டியை மறுப்பது எந்த வகையிலும் நியாயம் ஆகாது. ஆனால், அதே ஆப்பில் நீங்களாக எண்களை ஏற்றும் பகுதிக்குப் போனால், "சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வரலாம். நாம் படிக்காமலேயே "சரி" என்று அழுத்திவிடுகிறோம். பிரச்னை வந்தால் அந்த ஒரு கிளிக்தான் நிறுவனத்தின் கையில் இருக்கும் ஆயுதம்.

2015 முதல் நடந்த சில சம்பவங்கள் இந்த இழுபறியை நன்றாகவே காட்டுகின்றன.

* 2015: லேப்டாப்களுக்கான 900எம் வரிசை கிராபிக்ஸ் சிப்களில் ஓவர்கிளாக் வசதியை ஒரு டிரைவர் அப்டேட் மூலம் என்விடியா நீக்கியது. லேப்டாப்கள் அதற்காக வடிவமைக்கப்படவில்லை என்பது அதன் விளக்கம். வாடிக்கையாளர்கள் கொந்தளித்ததும், சில நாட்களிலேயே முடிவை மாற்றிக்கொண்டு, வசதியைத் திரும்பத் தருவதாக அறிவித்தது.

* 2023: ஏ.எம்.டி-யின் சில ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் பிராசஸர்கள் எரிந்துபோன விவகாரம் வெடித்தது. அதைச் சரிசெய்வதற்காக அசூஸ் வெளியிட்ட சோதனை நிலை பயாஸ், வாரண்டியைப் பாதிக்கும் என்ற எச்சரிக்கையோடு வந்தது. "பிரச்னையைத் தீர்க்கும் அப்டேட்டைப் போட்டாலே வாரண்டி போகுமா?" என்று கடும் விமர்சனம் எழுந்தது. அதன் பிறகு, அந்த பயாஸுக்கும், மெமரி வேகத்தை ஏற்றும் புரொஃபைல்களுக்கும் வாரண்டி பொருந்தும் என்று அசூஸ் தெளிவுபடுத்தியது.

* 2023 நவம்பர்: ஏ.எம்.டி-யின் ஒரு திரெட்ரிப்பர் பிராசஸரில், ஓவர்கிளாக் வசதியை ஆன் செய்தால் உள்ளே ஒரு நுண் ஃபியூஸ் நிரந்தரமாகப் போய்விடும் என்பது வெளியே வந்தது. அதாவது, "ஓவர்கிளாக் பண்ணவே இல்லை" என்று பிறகு சொல்ல முடியாது. ஆனால், அந்த ஃபியூஸ் போனதாலேயே வாரண்டி போகாது, ஓவர்கிளாக்கால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டுமே வாரண்டி இல்லை என்று ஏ.எம்.டி விளக்கம் அளித்தது.

* 2024: இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் திடீர் திடீரென்று தடுமாறின. ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் பிரச்னை வந்தது. பிராசஸர் தேவைக்கு அதிகமான வோல்டேஜை எடுத்துக்கொண்டதே முக்கியக் காரணம் என்று தெரிந்தது. பாதிக்கப்பட்ட பிராசஸர்களுக்கு வாரண்டியை 3 ஆண்டில் இருந்து 5 ஆண்டாக இன்டெல் நீட்டித்தது. லேப்டாப் பிராசஸர்களுக்கு இந்தப் பிரச்னை இல்லை என்றும் சொன்னது.

கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஓவர்கிளாக் செய்தது வேறு, ஓவர்கிளாக்கால் கெட்டது வேறு. சில நேரம் தப்பு பயனாளரிடம் இருக்காது, நிறுவனம் வைத்த செட்டிங்கிலேயே இருக்கும். இந்த வித்தியாசத்தில்தான் உங்கள் உரிமை அடங்கியிருக்கிறது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

ஓவர்கிளாக்கிங் பற்றி இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால், "நீ இதைச் செய்தாய், அதனால் மொத்த வாரண்டியும் காலி" என்ற மனநிலைக்கு எதிராக ஒரு முக்கிய முன்னுதாரணம் இருக்கிறது. அது வந்தது கம்ப்யூட்டர் துறையில் இருந்து அல்ல, கார் துறையில் இருந்து.

2014 ஆகஸ்டில், 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் புகார். அபராதத்துக்கு எதிராகச் சில நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால், நமக்கு முக்கியம் அந்த உத்தரவில் இருந்த ஒரு கருத்து. வெளி மெக்கானிக்கிடம் காட்டினாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, அந்தத் தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் ஏற்பட்டதோ அந்த அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றது ஆணையம்.

இந்த உத்தரவு லேப்டாப் நிறுவனங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால், இதன் நியாயம் லேப்டாப்புக்கும் பொருந்தும். கிராபிக்ஸ் சிப்பை ஓவர்கிளாக் செய்த ஒருவருக்கு லேப்டாப்பின் கீல் உடைந்தாலோ, கீபோர்டில் நான்கு கீ வேலை செய்யாமல் போனாலோ, "நீங்கள் ஓவர்கிளாக் செய்தவர்" என்று சொல்லி மறுப்பதில் அர்த்தமே இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கோணத்தில் 1975-லேயே மாக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் வந்துவிட்டது. அதன் அடிப்படையில், "இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி இல்லை" என்பது போன்ற நிபந்தனைகளுக்காக 2018-ல் அசூஸ், சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ உள்ளிட்ட 6 நிறுவனங்களை அந்நாட்டு வர்த்தக ஆணையம் எச்சரித்தது. 2024 ஜூலையிலும் கிகாபைட், ஏ.எஸ்.ராக், சோட்டாக் ஆகிய கம்ப்யூட்டர் நிறுவனங்களுக்கு இதே போன்ற எச்சரிக்கைக் கடிதம் போனது.

இந்தியாவில் நமக்கு இருக்கும் முக்கிய ஆயுதம், 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. இதில் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற பிரிவு இருக்கிறது. நுகர்வோருக்குப் பாதகமான, நியாயமில்லாத நிபந்தனையைச் சுமத்தும் ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். ஆனால், அந்த வகை வழக்கு மாநில ஆணையத்துக்குத்தான் போகும். "வாரண்டி இருந்தும் பழுது பார்த்துத் தரவில்லை" என்ற வழக்கமான குறைபாடு, சேவைக் குறைபாடு புகாருக்கு மாவட்ட ஆணையமே போதும்.

நமக்கு எதிராகப் போகக்கூடிய ஒரு பிரிவையும் சொல்லிவிட வேண்டும். லேப்டாப்பால் ஆளுக்கோ மற்ற உடைமைக்கோ பாதிப்பு ஏற்பட்டு இழப்பீடு கேட்கும் வழக்கில், பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ விற்றவர் மீது அந்த வழக்குப் போட முடியாது என்கிறது இதே சட்டத்தின் 87-வது பிரிவு. ஓவர்கிளாக் செய்த லேப்டாப் தீப்பிடித்து மேஜை எரிந்தது என்று போனால், இந்தப் பிரிவை எடுத்து நீட்டுவார்கள்.

யார் நிரூபிக்க வேண்டும்?

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள்: "தம்பி, இது ஓவர்கிளாக் பண்ணி எரிஞ்சிருக்கு. வாரண்டி வராது."

அங்கே சண்டை போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்: "அதை எழுத்துல குடுங்க சார்."

எந்தப் பாகம் எரிந்தது? ஓவர்கிளாக் செய்ததற்கு என்ன ஆதாரம்? அதனால்தான் கெட்டது என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? இந்த மூன்றும் வேலைச்சீட்டிலோ மின்னஞ்சலிலோ வர வேண்டும். தவறான பயன்பாடு என்று சொல்லும் நிறுவனம்தான் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று நீங்கள் வாதிடலாம். வாய்வார்த்தையாகச் சொன்னது வழக்கில் நிற்காது. பழுதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாத நிலையில், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க உத்தரவிடும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு இருக்கிறது. அதற்கான கட்டணத்தை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும்.

அதே நேரம், உண்மையிலேயே வோல்டேஜை ஏற்றிச் சிப்பை எரித்துவிட்டு, "நான் ஒண்ணுமே பண்ணலை" என்று சொல்வது எடுபடாது, அது நியாயமும் இல்லை. பயாஸ் பதிவுகள், நாமே மாற்றிய பேஸ்ட், கிழிந்த சீல் என்று அடையாளங்கள் இருக்கும். ஒரு பொய் பிடிபட்டால், நியாயமான மற்ற புகாரும் சேர்ந்தே அடிபடும்.

மலையில் இருப்பவர்களுக்கு என்ன வழி?

பெருமாள்மலையோ, கொடைக்கானலோ, பண்ணைக்காடோ, எல்லாமே திண்டுக்கல் மாவட்டம்தான். லேப்டாப்பைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்துக்கு உட்பட்ட மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி இது. நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை.

* கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். லேப்டாப் எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

* 5 லட்சம் ரூபாய் வரை புகார்க் கட்டணம் கிடையாது.

* வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்களே வாதாடலாம்.

* பிரச்னை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

* ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்தில் புகாரைப் பதியலாம். காணொலி வழியாக ஆஜராகவும் சட்டம் இடம் தருகிறது. மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரிந்து கிடக்கும்போது இது பெரிய உதவி.

* அதற்கு முன்பாக, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். வழக்கு என்று போகாமலேயே நிறுவனத்துடன் பேசித் தீர்க்க இது ஒரு வாய்ப்பு.

சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதங்களில், சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இதைவிட அதிக காலம் ஆகலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

வாங்கும் முன்பும் பின்பும் கவனிக்க வேண்டியவை

1. வாங்கும் முன்பே வாரண்டி நிபந்தனையை நிறுவனத்தின் இந்திய இணையதளத்தில் படித்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். பிறகு அது மாறலாம்.

2. "இந்த ஆப்ல இருக்குற மேனுவல் மோடை யூஸ் பண்ணா வாரண்டி இருக்கா?" என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். கடைக்காரர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்வது ஆதாரம் இல்லை. எழுத்தில் வரும் பதில்தான் ஆதாரம்.

3. விளம்பரத்தில் ஓவர்கிளாக்கிங் வசதி என்று போட்டிருந்தால், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்கும்போது சொன்னதற்கும் பிறகு சொல்வதற்கும் உள்ள முரண்பாடு உங்களுக்குச் சாதகம்.

4. வீட்டுக்கே வந்து சரிசெய்யும் வாரண்டி என்றால், உங்கள் பின்கோடுக்கு அது உண்டா என்று முன்பே கேளுங்கள். கொடைக்கானலில் இருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். ஒரு ஸ்குரூ பிரச்னைக்கும் மலை இறங்க வேண்டி வந்தால், ஒரு நாள் பிழைப்பு போய்விடும்.

5. எச்சரிக்கைப் பெட்டி வந்தால் படியுங்கள். "சரி" என்று அழுத்துவது ஒரு வகையில் கையெழுத்துதான்.

ஓவர்கிளாக் செய்யாமலேயே வேகம் கூட்ட முடியாதா?

முடியும். பல நேரங்களில் அதுதான் நல்ல வழி. கேமிங் லேப்டாப்பின் உண்மையான எதிரி சூடு. சூடு வரம்பைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூட்டைக் குறைத்தாலே, அது ஏற்கெனவே ஓட வேண்டிய வேகத்தில் ஓடும். ஃபேனில் அடைந்த தூசியைச் சுத்தம் செய்வது, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பது, மெத்தை, கம்பளி மேல் வைக்காமல் இருப்பது, திரையின் எஃப்.பி.எஸ்ஸுக்கு ஒரு வரம்பு வைப்பது என இவை எல்லாமே செலவில்லாத வழிகள். குளிருக்குக் கம்பளிக்குள் உட்கார்ந்து மடியில் லேப்டாப் வைத்து விளையாடும் பழக்கம் மலையில் இருந்தால், அதை முதலில் மாற்றுங்கள். காற்று போகும் வழியைக் கம்பளி அடைத்துவிட்டால் வெளியே எவ்வளவு குளிர் இருந்தும் பயன் இல்லை.

வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்டிங் இன்னொரு வழி. அளவுக்கு மீறிக் குறைத்தால் லேப்டாப் ஹேங் ஆகும், அவ்வளவுதான். சிப் எரியாது. ஆனால், 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு, பல இன்டெல் லேப்டாப்களில் பயாஸ் அப்டேட் மூலம் இந்த வசதி பூட்டப்பட்டது. சில நிறுவனங்களின் சொந்த ஆப்பில் இன்னும் இருக்கிறது. இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பூட்டை உடைக்கப் போகாதீர்கள், அப்போது அது மறுபடியும் "அனுமதி இல்லாத மாற்றம்" ஆகிவிடும்.

என்ன மாற வேண்டும்?

2022 டிசம்பரில் மத்திய அரசு, பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. மொபைல், எலெக்ட்ரானிக்ஸ், வாகனம், வீட்டு உபயோகப் பொருட்கள், வேளாண் கருவிகள் என்று பல துறை நிறுவனங்களின் பழுது விவரங்களை ஒரே இடத்தில் கொண்டுவருவது நோக்கம். நல்ல தொடக்கம்தான். ஆனால், வாரண்டியை எப்போது மறுக்கலாம், எப்போது மறுக்கக் கூடாது என்பதற்கு இணையதளம் பதில் சொல்லாது. அதற்குத் தெளிவான விதி வேண்டும்.

அந்த விதி சிக்கலானதாக இருக்க வேண்டியதில்லை. நிறுவனம் தானே கொடுத்த ஆப்பில், தானே அனுமதித்த எல்லைக்குள் வேகத்தை ஏற்றினால், அதற்கு நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்க முடியாது என்றால், அந்த வசதியைக் காட்டி விற்கக் கூடாது. வாரண்டியை மறுத்தால், எந்தப் பாகம், என்ன காரணம், என்ன ஆதாரம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பந்தமில்லாத பாகத்துக்கான வாரண்டி தொடர வேண்டும். கார் விஷயத்தில் 2014-லேயே போட்டி ஆணையம் சொன்ன நியாயம்தான் இது.

அப்படி ஒரு விதி வரும் வரை கணக்கு எளிது. 60 எஃப்.பி.எஸ்ஸை 66 ஆக்குவதற்காக, இரண்டு மூன்று ஆண்டு வாரண்டியைப் பணயம் வைக்கலாமா? விளையாட்டுக்கு மட்டும் இல்லாமல், படிப்புக்கும் வீடியோ எடிட்டிங் வேலைக்கும் அதே லேப்டாப்பை நம்பியிருப்பவர் என்றால், வாரண்டி முடியும் வரை பொறுத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். அதையும் மீறிச் செய்துதான் பார்ப்பேன் என்றால், வோல்டேஜைத் தொடாமல், நிறுவனத்தின் சொந்த ஆப்பில், கிராபிக்ஸ் வேகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள்.